பீட்டில்ஸ் ஆல்பங்கள்: மோனோவில் கேட்க வேண்டியவை, ஸ்டீரியோவில் கேட்க வேண்டியவை

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸைக் கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: 1967 வரை வந்த ஆல்பங்களை மோனோவில் கேளுங்கள், ஸ்டீரியோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லா ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து வருவது மோனோ, இடது வலது என்று பிரிந்து வருவது ஸ்டீரியோ. எல்பி, சிடி, ஸ்ட்ரீமிங் என்று பல வருடங்களாக மாற்றி மாற்றிக் கேட்டதில் இந்த எண்ணம் வலுத்துக்கொண்டேதான் வந்திருக்கிறது.

காரணம் ஒலிப்பதிவு நடந்த விதம். 1963இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் லண்டன் ஏபி ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் இரண்டே டிராக்கில், அதாவது டேப்பில் இரண்டே தனித்தனி ஒலித்தடத்தில் பதிவானவை. பெரும்பாலும் வாத்தியங்கள் ஒரு டிராக்கில், குரல்கள் மற்றதில். இரண்டையும் அளவாகச் சேர்த்து ஒரே ஒலியாக்கத்தான் அந்த ஏற்பாடு. அதே டேப் ஸ்டீரியோவாக வெளிவந்தபோது இடது பக்கம் முழுக்க கிடாரும் டிரம்ஸும், வலது பக்கம் முழுக்கப் பாட்டு என்று ஆகிவிட்டது. அறையில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் ஓரளவு சமாளிக்கலாம். இயர்ஃபோனில் பத்து நிமிடத்தில் காது அலுத்துவிடும். ஒரு பக்க வயர் அறுந்த இயர்ஃபோனாக இருந்தால் பாடகரே காணாமல் போவார்.

1963 அக்டோபரில் நான்கு டிராக் மெஷின் வந்தபிறகும் கவனம் முழுக்க மோனோவில்தான். 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தின் மோனோ மிக்ஸ், அதாவது டிராக்குகளை அளவாகச் சேர்த்து இறுதி வடிவம் கொடுக்கும் வேலை, நடந்தபோது நால்வரும் கூடவே இருந்தார்கள். ஸ்டீரியோ மிக்ஸை அவர்கள் இல்லாமல் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் வேகமாக முடித்தார்கள். இந்த வித்தியாசம் காதில் நன்றாகவே விழும். 'ஷீஸ் லீவிங் ஹோம்' ஸ்டீரியோவில் 3 கட்டை சுருதி. மோனோவில் டேப் சற்று வேகமாக ஓடி 4 கட்டைக்கு ஏறிவிடுகிறது. ஸ்டீரியோவில் இழுவையாகத் தோன்றும் பாட்டு மோனோவில் கண்ணீர் வரவழைக்கும். ஆல்பத்தின் தலைப்புப் பாடல் முடிவுப் பகுதியில் மறுபடி வருமே, அதன் கடைசியில் பால் மெக்கார்ட்னி போடும் கூச்சல் மோனோவில் தெளிவாகக் கேட்கும். ஸ்டீரியோவில் அது கிட்டத்தட்ட அமுங்கிவிட்டது.

ஸ்டீரியோ அவசரத்துக்கு இன்னொரு சாட்சி 1966இன் 'எலினார் ரிக்பி'. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. கிடாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஒரே குரலை இரட்டித்துக் காட்ட ஸ்டுடியோ பொறியாளர் கென் டவுன்சென்ட் அந்த வருடம் ஒரு டேப் உத்தியைக் கண்டுபிடித்திருந்தார். பல்லவிக்கு மட்டும் தேவைப்பட்ட அந்த இரட்டிப்பை முதல் சரணம் தொடங்கும்போது சரியான நேரத்தில் நிறுத்தவில்லை. அதனால் பெயரின் முதல் அசைகள் இரண்டு பக்கமும் ஒலித்துவிட்டு, சட்டென்று குரல் வலது காதுக்குத் தாவும். ஹெட்ஃபோனில் ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது. மோனோவில் அந்தச் சிக்கலே இல்லை. குரல் தந்திகளுக்கு நட்டநடுவில் நிற்கும்.

எதை வாங்குவது? 2009 செப்டம்பரில் வந்த மோனோ சிடி பெட்டிதான் என் முதல் தேர்வு. 13 தட்டுகள். ஒலியை இறுக்கி உரக்கக் காட்டும் லிமிட்டர் வேலை இதில் செய்யப்படவில்லை. கூடவே 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' இரண்டுக்கும் 1965இன் அசல் ஸ்டீரியோ மிக்ஸும் இருக்கிறது. தனியாகக் கிடைக்கும் ஸ்டீரியோ சிடிகளில் இருப்பது ஜார்ஜ் மார்ட்டின் எண்பதுகளில் புதிதாகச் செய்த மிக்ஸ். 2014இன் மோனோ எல்பிகள், டிஜிட்டல் இடையில் புகாமல் அனலாக் டேப்பிலிருந்தே வெட்டப்பட்டவை. டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்ட்ரீமிங்கில் ஆல்பம் பெயரைத் தட்டினால் வருவது ஸ்டீரியோதான். 'ரிவால்வர்' ஆல்பத்தின் 2022 பெரிய பதிப்பில் மோனோவும் சேர்ந்திருக்கிறது.

பழைய எல்பி வாங்குகிறவர்கள் அட்டையை நம்ப வேண்டாம், தட்டை மாற்றிப் போட்டிருப்பார்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எக்ஸ்.இ.எக்ஸ். என்று தொடங்கும் எண் இருந்தால் மோனோ, ஒய்.இ.எக்ஸ். என்றால் ஸ்டீரியோ. பீட்டில்ஸின் பிரிட்டிஷ் எல்பிகளை வெளியிட்ட பார்லஃபோன் நிறுவனத்தின் பட்டியல் எண்ணில் பி.எம்.சி. மோனோ, பி.சி.எஸ். ஸ்டீரியோ. நம்மூர்ப் பழைய கடைகளில் கொல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான பிரதிகள் தலைகாட்டும். அவற்றில் கீறலைவிட உள்வட்டத் தேய்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். கனமான பழைய ஊசியில் ஓடிய தட்டு பளபளவென்று இருந்தாலும் கடைசிப் பாட்டில் கரகரக்கும். வாங்கும் முன் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மோனோ தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை ஒலிச் சமிக்ஞையாக்கும் சிறு பாகம்) ஓட்டினால் படபடப்பும் உராய்வும் அதிகமாகக் கேட்கும். மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீரியோ ஊசி மேல்கீழ் அசைவையும் படிப்பதால், தூசியும் தேய்மானமும் கூடுதல் சத்தமாக வருகின்றன. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். பாதி இரைச்சல் போய்விடும். பொத்தான் இல்லையென்றால் ஒரு முனை இரண்டாகப் பிரியும் ஒய் வயர்கள் இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்து, டர்ன்டேபிளுக்கும் அதன் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்புக்கும் நடுவில் போடலாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களை மட்டும் ஒருபோதும் இப்படிச் சேர்க்காதீர்கள், ஆம்ப் எரிந்துவிடும். மோனோ தட்டுகள் நிறைய இருந்தால் தனி மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்குவது நல்லது. ஆர்டஃபோன் 2எம் மோனோ கார்ட்ரிட்ஜுக்கு ஊசி எடை, அதாவது ஊசி தட்டை அழுத்தும் எடை, 1.8 கிராம். அதைவிடக் குறைத்தால் தட்டு தப்பிக்கும் என்று நினைக்கிறார்கள். எடை போதாத ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளி ஓடி, தட்டை இன்னும் வேகமாகக் கெடுக்கும்.

இரண்டு ஸ்பீக்கரில் மோனோ கேட்கும்போது குரல் நடுவில் ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். நிற்காமல் பரவி, பாஸும் மெலிந்து கேட்டால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. போனில் அக்செசிபிலிட்டிக்குள் இருக்கும் மோனோ ஆடியோ வசதி இயர்ஃபோனில் ஆரம்பகால ஆல்பங்களின் பிளவைச் சரிசெய்யும், அவ்வளவுதான். ஸ்டீரியோ மிக்ஸின் சுருதியோ அமுங்கிப்போன கூச்சலோ அதனால் மாறாது.

சாதனங்களைச் சோதிக்க 'எ டே இன் தி லைஃப்' பாட்டின் கடைசிப் பியானோ நாதத்தை வையுங்கள். நாதம் அடங்க அடங்க ஒலிப்பதிவாளர் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார். நாற்பது விநாடிக்கு மேல் நீளும். கடைசியில் நாற்காலி கிறீச்சிடுவது கேட்க வேண்டும். அதற்குப் பதில் உம்மென்ற இரைச்சல் கேட்டால் டர்ன்டேபிளின் எர்த் வயரை ஆம்ப்பின் கிரவுண்ட் திருகில் இறுக்குங்கள். பியானோ நாதத்துக்குப் பின் வரும் உளறல் பேச்சு, தட்டின் கடைசி வட்டத்திலேயே பதிவாகியிருக்கிறது. தானாகக் கை தூக்கும் டர்ன்டேபிளில் அது சரியாகக் கேட்காது. கையால் இயக்குவதில் நீங்கள் தூக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

1968இன் வெள்ளை ஆல்பத்துக்கு இரண்டும் வேண்டும். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' மோனோவில் ஒருமுறை மங்கி முடிந்துவிடுகிறது. ஸ்டீரியோவில் மறுபடி எழுந்து வந்து, விரல் கொப்புளித்துவிட்டதென்று ரிங்கோ கத்துவதோடு முடியும். எட்டு டிராக்கில் பதிவான 1969இன் 'ஏபி ரோட்' ஸ்டீரியோவுக்கென்றே மிக்ஸ் செய்யப்பட்டது. அதன் மோனோ பிரதி என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், அது ஸ்டீரியோவின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தது மட்டுமே. அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்டீரியோ பிரதியே வாங்கிக்கொள்ளுங்கள்.