ஃபோம் பேடா, மைக்ரோஃபைபர் பேடா?

டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (சுழன்றுகொண்டே அசையும் பாலிஷ் மெஷின்) கார் பெயிண்ட்டின் சுழல் கீறல்களை எடுக்க, கையில் முதலில் இருக்க வேண்டியது ஃபோம் பேடுதான் (மெஷினின் முனையில் மாட்டும் பஞ்சு வட்டு) என்பது என் கருத்து.

நுண்ணிழைகளால் ஆன மைக்ரோஃபைபர் பேடு வேகமாக வெட்டும், அதாவது பெயிண்ட்டின் மேல்பரப்பைத் தேய்த்து எடுக்கும், உண்மை. கடினமான கிளியர் கோட்டில் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு) ஆழமான கீறல் இருந்தால் அதற்கு ஈடு இல்லை. ஆனால் மென்மையான பெயிண்ட்டில், அதுவும் கறுப்புக் காரில், மங்கலான படலத்தை விட்டுவிடும். பிறகு எப்படியும் மிருதுவான ஃபோமும் ஃபினிஷிங் பாலிஷும் போட்டாக வேண்டும். மைக்ரோஃபைபரின் இழைகளில் பெயிண்ட் தூள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் காற்றடித்தோ பிரஷ் போட்டோ சுத்தம் செய்யாவிட்டால் வெட்டும் திறன் குறைந்துவிடும்.

ஃபோம் மெதுவானது, ஆனால் வளைவுகளில் நன்றாகப் படியும். வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ரூப்பஸ் நிறுவனத்தின் பேடில் மஞ்சள் என்றால் நைசான பேடு. லேக் கன்ட்ரி நிறுவனத்தில் அதே மஞ்சள் நன்றாக வெட்டுகிற பேடு! அப்புறம், தடிமனான பேடைவிட மெல்லிய பேடில் மெஷினின் அசைவு வீணாகாமல் பெயிண்ட்டுக்குப் போய்ச் சேரும்.

எதுவானாலும் முதலில் பானெட்டில் சிறு சதுரத்துக்கு டேப் ஒட்டி, மிருதுவான ஃபோமில் தொடங்குங்கள். கீறல் போகவில்லை என்றால் மட்டும் அடுத்த கடினமான பேடுக்கு ஏறுங்கள்.