அப்பா அம்மா குடிபோன இடம்: எட்டு மாதம் கழித்து ஒரு விமர்சனம்

கோவையில் சிறுவாணிப் பக்கம் போகிற சாலையில், வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றில் எட்டு மாதத்துக்கு முன் அப்பாவையும் அம்மாவையும் குடிவைத்தோம். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அவர்கள் இன்னும் அங்கேதானே இருக்க வேண்டும். வடவள்ளி, தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் இப்படி நிறைய இருக்கின்றன, தேடுகிறவர்களுக்கு உதவட்டும்.

குளியலறையில் வழுக்காத தரை, பிடித்து எழக் கம்பி, இழுத்தால் நர்ஸ் அறையில் மணி அடிக்கிற கயிறு எல்லாம் உண்டு. இவை இருக்க வேண்டும் என்று 2019இலேயே மத்திய அரசு மாதிரி வழிகாட்டுதல் போட்டது, ஆனால் பேப்பரில் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்பதால் ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு அந்தக் கயிற்றை நானே இழுத்துப் பார்த்தேன். நான்கே நிமிடத்தில் ஒரு நர்ஸ் பிரஷர் கருவியோடு மூச்சிரைக்க வந்து, "என்னாச்சுங்ண்ணா, அப்பாவுக்கு ஏதாச்சுங்களா?" என்றார். கூச்சமாகப் போய்விட்டது. இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நீங்களும் இழுத்துப் பாருங்கள்.

விருந்தினர் அறையில் நான்கு நாள் தங்கினேன். எனக்கு 43 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் தூக்கம் கிடையாது. அங்கே 70 தாண்டியவர்கள் விடியற்காலை ஐந்தரைக்கு நடக்கிறார்கள், கேரம் ஆடி ஏமாற்றிச் சண்டை போடுகிறார்கள், மத்தியானம் ஒரு மணிநேரம் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். பார்க்கப் பார்க்கப் பொறாமை. 2024 உலக மகிழ்ச்சி அறிக்கையில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அமெரிக்காவுக்கு 10ஆம் இடம், 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எடுத்தால் 62ஆம் இடம் என்று படித்தபோது நம்பவில்லை, இப்போது நம்புகிறேன். அதே அறிக்கை நம் நாட்டு முதியவர்களைப் பற்றிச் சொல்வது, குடியிருக்கும் ஏற்பாடு மனசுக்குப் பிடித்திருக்கிறதா என்பதுதான் அவர்கள் திருப்தியை நிர்ணயிப்பதில் முதன்மையானதாம், உடம்பு எப்படி இருக்கிறது என்பதே அதற்குப் பின்னால்தான்.

அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. அடுப்படியை விட்டு வெளியே வர அவருக்கு ஐம்பது வருஷம் ஆனது, இப்போது சாப்பாட்டு மணி அடித்தால் கைப்பையை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் போகிறார்.

சாப்பாடு? சுத்தம், நேரத்துக்கு வரும், அவ்வளவுதான். சைவம் மட்டும். பூண்டே போடாத அரிசியும்பருப்பு சாதத்தைப் பார்த்து அப்பா, "இது யாருக்குப் பத்தியம்?" என்று பரிமாறுகிறவரிடமே கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் நாட்டுக்கோழிக் குழம்பு தூக்குப்போசியில் கொண்டுபோவதுண்டு, அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வேண்டும்.

வாடகை, பராமரிப்பு, இருவர் சாப்பாடு சேர்த்து மாதம் 46,000, மருந்து தனி. தோட்டத்துக் குத்தகைப் பணமும் என் சம்பளத்தில் ஒரு பங்கும் சேர்ந்துதான் கட்டுகிறோம். எங்கள் தோட்டத்தில் காலமெல்லாம் களை வெட்டிய பாட்டிக்கு அரசு தரும் முதியோர் உதவித்தொகை 1,200. முதுமை சுகமானது என்று நான் எழுதுவதைக் கேட்டால் அவர் சிரிப்பார்.

இனி என் பெரிய குறை. அப்பா அவிநாசிப் பக்கம் அறுபது வருஷம் மண்ணில் கிடந்தவர், இங்கே அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர்களுக்கு இந்த இடம் சொர்க்கம், தோட்டத்துக்காரருக்கு அப்படியில்லை. மூன்றாம் மாதம் காம்பவுண்டு ஓரமாக யாருக்கும் தெரியாமல் அவரை விதை ஊன்றி, பல் தேய்க்கிற மக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்தார், கொடி பிடித்துப் பூ விட்ட சமயம் தோட்டப் பராமரிப்பு ஆட்கள் களை என்று பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டேன், அழகுச்செடிகளுக்கு மட்டும்தான் அனுமதியாம். இரண்டு நாள் அப்பா நடைக்கே போகவில்லை. ஒரு சென்ட் இடம் காய்கறிக்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அம்மாவைக் கேட்டால் ஐந்து. அப்பா மதிப்பெண் எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது களைக்கொத்து ஒன்று எடுத்துவரச் சொன்னார், கேட்டில் கேட்டால் பேரன் விளையாட என்று சொல்ல வேண்டுமாம்.