ஆல்டரா, ஆஷா, மகோகனியா: எலெக்ட்ரிக் கிட்டாரின் மரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

எலெக்ட்ரிக் கிட்டார் விளம்பரம் எதை எடுத்தாலும் பிக்கப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) முன்னால் மரத்தின் பெயர்தான் வரும். ஆல்டர் என்றால் சமச்சீரான ஒலி, ஆஷ் என்றால் கணீர் என்ற ட்ரெபிள், மகோகனி என்றால் கனத்த, கதகதப்பான ஒலி என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, மரத்தை மட்டும் மாற்றி விலையை ஏற்றிய மாடல்களும் நிறைய. அந்த மரங்களையே விலைக்கு வாங்கும் ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு எழுதிய மதிப்பீடு இது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒலிக்காக பாடி (கிட்டாரின் உடல் பலகை) மரத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. எடைக்காகவும் திருகு நன்றாகப் பிடிப்பதற்காகவும் கண்ணுக்கு அழகாக இருப்பதற்காகவும் கொடுக்கலாம். நெக் (கம்பிகளை அழுத்தி வாசிக்கும் நீண்ட கழுத்து) விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

காரணம் பிக்கப்பின் வேலையிலேயே இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி சுமார் 0.06 மி.மீ. தடிமனுள்ள தாமிரக் கம்பி. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை சிங்கிள் காயிலில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பில், அது ஏறத்தாழ 8,000 சுற்று இருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. காற்றில் வரும் சத்தத்தை மைக் பிடிப்பதுபோல அது பிடிப்பதில்லை. ஆகவே மரத்துக்கு ஒலியில் தலையிட இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, பிக்கப்பையே அசைக்க வேண்டும். இல்லையென்றால் கம்பி அதிரும் விதத்தை மாற்ற வேண்டும்.

முதல் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. காயிலை உருக்கிய பாரஃபின், தேன்மெழுகுக் கலவையில் முக்கி எடுப்பதால் சுற்றுகள் இறுகிவிடுகின்றன. மெழுகில் முக்காத பழைய பாணி ஹம்பக்கர்களில் (இரட்டைச் சுருள் பிக்கப்புகள்) மட்டும் கொஞ்சம் தெரியும். ஆம்பை ஏற்றி வைத்துக்கொண்டு பிக்கப் மூடியை நகத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டால் அந்தப் பிக்கப் பாடியின் அதிர்வையும் ஓரளவு கடத்தும். கெயினைக் கூட்டினால் கீச்சென்று அலறுவதும் அதே பிக்கப்தான்.

இரண்டாவது வழிதான் கவனிக்க வேண்டியது. கம்பியின் இரு முனைகளும் அசையாமல் நின்றால் அதன் சக்தி மெதுவாகத்தான் கரையும். ஒரு முனை குறிப்பிட்ட அதிர்வெண்ணில் லேசாக இளகிக் கொடுத்தால் அந்த ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துவிடும். இதைத்தான் டெட் ஸ்பாட் என்கிறோம். பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் முனை கனமான உலோகம், சுமார் 45 மி.மீ. தடிமனுள்ள பலகையில் இறுக்கப்பட்டது. அங்கே அசைவு மிகக் குறைவு. மெல்லிசாக நீண்டு, நுனியில் கம்பிகளை முறுக்கும் டியூனர்களின் எடையைச் சுமந்து நிற்கும் நெக்தான் ஆடுகிறது. ஆய்வாளர் ஹெல்முட் ஃப்ளைஷர் 1990களில் எலெக்ட்ரிக் கிட்டார்களை அளந்தபோதும் டெட் ஸ்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் நெக் பக்கம்தான் என்று தெரிந்தது. நெக்கைத் திருகிப் பூட்டும் பேஸ் கிட்டார்களில் ஜி கம்பியின் 5 முதல் 7 வரையுள்ள ஃப்ரெட்களில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) இது அடிக்கடி மாட்டும். நெக்கின் நுனியான ஹெட்ஸ்டாக்கில் துணி வைத்து ஒரு சிறிய சி-கிளாம்பைப் பூட்டினால் செத்த சுரம் வேறு ஃப்ரெட்டுக்கு நகர்ந்துவிடும். பாடி அப்படியே இருக்க, நெக் நுனியில் கொஞ்சம் எடை கூடினாலே போதும் என்பதை இதைவிட மலிவாக நிரூபிக்க முடியாது.

வரலாறும் இதற்குத்தான் சாட்சி. 1930களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கர் 'ஃப்ரையிங் பேன்' அலுமினிய வார்ப்பு. டான்எலெக்ட்ரோ கிட்டார்களின் முகப்பு மேசனைட் என்ற அழுத்த அட்டை. 1969இல் ஆம்பெக் விற்ற டான் ஆம்ஸ்ட்ராங் மாடல் ஒளிபுகும் அக்ரிலிக். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் ஆஷில் பிறந்து, 1956 வாக்கில் ஆல்டருக்கு மாறியது. ஆஷின் திறந்த ரேகைகளை ஃபில்லர் போட்டு அடைக்க வேண்டும், ஆல்டரில் அந்த வேலை மிச்சம். மரத்தின் தோற்றம் தெரிய வேண்டிய பிளாண்ட் நிறத்துக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. இன்று 'உண்மையான ஸ்ட்ராட் மரம்' என்று கொண்டாடப்படும் ஆல்டர் பட்டறை வசதிக்காக உள்ளே வந்தது.

இனி ஒவ்வொரு மரமாகப் பார்க்கலாம். ஸ்ட்ராட் பாடியின் கனஅளவைத் தோராயமாக 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்டரின் சராசரி அடர்த்தி கனமீட்டருக்கு 450 கிலோ, அதாவது பாடி சுமார் 1.8 கிலோ. வெட்ட எளிது, திருகு நன்றாகப் பிடிக்கும், பெயிண்ட் படிய அதிகம் மெனக்கெட வேண்டாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ரேகை அழகு குறைவு என்பதால் ஒளிபுகும் ஃபினிஷ் கேட்பவர்களுக்கு மட்டும் ஏமாற்றம்.

ஆஷ் வாங்கும்போது எச்சரிக்கை தேவை. சதுப்பு நிலத்தில் வளர்ந்த மரத்தின் அடிப்பகுதி, அதாவது ஸ்வாம்ப் ஆஷ், லேசானது. அதே ஆஷ் என்ற பெயரில் வரும் வெள்ளை ஆஷின் அடர்த்தி 675 கிலோ. பாடி மட்டும் 2.7 கிலோவை எட்டும். அந்தக் கூடுதல் 900 கிராம் நின்றுகொண்டு இரண்டு மணி நேரம் வாசிப்பவரின் தோளில்தான் இறங்கும். விளம்பரத்தில் வெறும் 'ஆஷ்' என்றிருந்தால் எடை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டு ஆஷ் காடுகளை அழித்துவருவதால், 2020இல் ஃபெண்டர் தன் வழக்கமான மாடல்கள் பெரும்பாலானவற்றில் ஆஷை நிறுத்திவிட்டது. விலை ஏறியதற்கு இந்தத் தட்டுப்பாடே காரணம்.

பாஸ்வுட்டுக்கு 'மலிவு மரம்' என்று கெட்ட பெயர். அநியாயம். ஐபனீஸ் 1987இல் தன் ஜெம் மாடலை பாஸ்வுட்டில்தான் செய்தது. இதன் உண்மையான குறை மென்மை. நகம் பட்டாலே பள்ளம் விழும், ஸ்ட்ராப் பட்டன் திருகு ஒன்றிரண்டு வருடத்தில் ஆட ஆரம்பிக்கும். தீக்குச்சியைச் செருகி மறுபடி திருகுவது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். துளையை 6 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, 25 மி.மீ. ஆழத்துக்குக் கெட்டி மரக் குச்சியை வுட் க்ளூ தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, 2.5 மி.மீ. முன்துளை போட்டுத் திருகுங்கள். திருகில் கொஞ்சம் சோப்பு தேய்த்தால் மரம் பிளக்காது. சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோ பிரிட்ஜைத் தாங்கும் ஸ்டட் ஆடினால் இன்னும் கவனம் தேவை. 10–46 (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் தடிமன்) கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 47 கிலோ விசையில் இழுக்கின்றன. அந்தத் துளையை முழுதாக அடைத்து, டிரில் பிரஸ்ஸில் நேராகத் துளைப்பதே சரி.

மகோகனி 590 கிலோ. இந்தப் பெயரில் காயா, சபேலி, நாட்டோ எல்லாம் விற்பனையாகின்றன. மோசமான மரங்கள் இல்லை, ஆனால் மகோகனி விலை கொடுக்க வேண்டாம். கிப்சனின் லெஸ் பால் வகை கிட்டாரில் பாடியை விட நெக்கைப் பாருங்கள். ஒரே துண்டில் செதுக்கி, ஹெட்ஸ்டாக்கைப் பின்னால் சாய்த்த மகோகனி நெக்கில் நட்டுக்கு (நெக் நுனியில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) பின்னால் ரேகை குறுக்கே வெட்டுப்படுகிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் கம்பியின் பள்ளமும் அங்கேயே வருகிறது. ஸ்டாண்டிலிருந்து சரிந்து விழுந்தால் முறிவது அந்த இடத்தில்தான்.

பாப்லர், ஆல்டருக்கு நல்ல மாற்று. பச்சை நிறக் கோடுகளை பெயிண்ட் மறைத்துவிடும். பௌலோனியா 280 கிலோதான். தூக்க சுகம், ஆனால் நெக் பக்கம் சாயும், திருகுப் பிடிப்பு பாஸ்வுட்டை விட மோசம்.

நெக்கில் என்ன பார்ப்பது? ஒன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 8ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். 0.25 மி.மீ. இருந்தால் சரி. ட்ரஸ் ராட் ஏற்கெனவே முழுக்க இறுகியிருந்தும் இடைவெளி அதிகமென்றால் அந்த நெக்கை விட்டுவிடுங்கள். வறுத்த மேப்பிள் ஈரத்தை உறிஞ்சுவது குறைவு, பருவம் மாறும்போது அடிக்கடி ட்ரஸ் ராடைத் தொட வேண்டியிருக்காது. இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது. பிறகு ஆம்ப் இல்லாமலே ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்து ஒலி தேயும்வரை காத்திருங்கள். அடிக்கடி வாசிக்கும் இடத்தில் டெட் ஸ்பாட் விழும் கிட்டாரை எந்த மரத்துக்காகவும் வாங்கக் கூடாது.

ஒலியை உண்மையில் மாற்ற வேண்டுமென்றால் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பிக்கப் துருவத்திலிருந்து கம்பியின் அடிவரை அளக்கும்போது, வின்டேஜ் பாணி சிங்கிள் காயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2 மி.மீ. என்பது ஃபெண்டர் தரும் அளவு. அதைவிட நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி அலையும். அடுத்து கேபிள். 2.4 ஹென்றி பிக்கப்போடு, மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் உள்ள 3 மீட்டர் கேபிளைச் சேர்த்தால் ஒத்ததிர்வு உச்சம் (ஒலி மிகுந்து எழும் அதிர்வெண்) 5 கிலோஹெர்ட்ஸ் அருகே இருக்கும். அதையே 6 மீட்டராக்கினால் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். காதுக்கு இது நன்றாகவே தெரியும். வால்யூம், டோன் குமிழ்களின் பாட்களை 250 கிலோஓமிலிருந்து 500க்கு மாற்றினாலும் அப்படித்தான். இந்த மாற்றங்களுக்குப் பக்கத்தில் மரங்களுக்கிடையிலான வேறுபாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

'பாடியை மாற்றினேன், ஒலியே மாறிவிட்டது' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பாடி மாறும்போது புதுக் கம்பி ஏறுகிறது, பிக்கப் உயரம் மாறுகிறது, நெக் திருகுகள் மறுபடி இறுகுகின்றன, கம்பியை மீட்டும் பிக் படும் இடம்கூட நகர்கிறது. அளந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ஆம்ப் இல்லாமல் நேரடியாகப் பதிவுசெய்து, ஒலி அளவைச் சமப்படுத்தி, எது எது என்று தெரியாமல் கேட்டால்தான் அது மரத்தின் சோதனையாகும். அளவைச் சமப்படுத்தாவிட்டால் சத்தம் கூடியதுதான் எப்போதும் நன்றாகக் கேட்கும்.

அப்படியும் மாற்று பாடி வாங்குவதாக இருந்தால் மரத்துக்கு முன்னால் அளவுகளைச் சரிபாருங்கள். ஃபெண்டர் வகை நெக் பாக்கெட் 56 மி.மீ. அகலம், 16 மி.மீ. ஆழம். நெக்கைச் செருகித் தூக்கினால் திருகு இல்லாமலே தங்க வேண்டும். பிரிட்ஜ் திருகுகளின் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், கையிலுள்ள பிரிட்ஜை அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.