சரளையா, களிமண்ணா: பொர்தோவின் ஏப்ரல் கணக்கு

பிரான்சின் பொர்தோ திராட்சைத் தோட்டங்களை அங்குள்ள ஆறுகளையும் ஜிரோந்த் கழிமுகத்தையும் வைத்து இடக்கரை, வலக்கரை என்று பிரித்துப் பேசுவது வழக்கம். இடக்கரை மெடோக்கில் ஆறு கொண்டுவந்து சேர்த்த சரளை மேடுகள். அவற்றில் பெரும்பாலும் கபெர்னே சொவின்யோன் என்ற திராட்சை ரகம். வலக்கரைப் பொமெரோலில் களிமண், அதில் மெர்லோ ரகம். எந்த வைன் உயர்ந்தது என்ற வழக்கை ருசி பார்ப்பவர்கள் நடத்திக்கொள்ளட்டும். மார்ச் முதல் ஜூன் வரை கொடிக்கு எந்த மண் தோதானது என்பதுதான் என் கேள்வி.

தொடக்கத்தில் சரளைக்கே முந்துரிமை. தண்ணீர் தங்காத மண் சீக்கிரம் சூடேறும். ஈரக் களிமண் மெதுவாகத்தான் சூடாகும். வேர்ப்பகுதியின் வெப்பம் 10 டிகிரியை நெருங்கும்போது வேர் நீரை மேலே தள்ளத் தொடங்குகிறது. கவாத்து செய்த வெட்டுவாயில் அந்த நீர் திரண்டு, துளித்துளியாக விழும். பிறகு மொட்டு உப்பி, பஞ்சு தெரிந்து, பச்சை எட்டிப் பார்க்கும். மொட்டு அவிழும் நாளை முக்கியமாகத் தீர்மானிப்பது காற்றின் வெப்பம்தான் என்றாலும், ஒரே ரகம் சூடான சரளையில் சில நாள் முந்திக்கொள்ளும்.

முந்துவது லாபமா என்றால், அங்கேதான் சிக்கல். மூடிய மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். பச்சைத் துளிரோ மைனஸ் 2 டிகிரி வாக்கிலேயே கருகத் தொடங்கிவிடும். துணை மொட்டு மறுபடி துளிர்க்கும், ஆனால் அதில் குலைகள் சொற்பம். 2017 ஏப்ரல் இறுதியில் விழுந்த உறைபனியால் பொர்தோவின் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 40 சதவீதம் சரிந்தது.

அப்படியானால் தாமதப்படுத்தும் களிமண்ணே மேல் அல்லவா? இல்லை. மெர்லோ இயல்பிலேயே கபெர்னே சொவின்யோனைவிட ஒரு வாரம் போல முன்னதாகத் துளிர்க்கும் ரகம். களிமண் தரும் தாமதத்தை அது விழுங்கிவிடுகிறது. இடம் மாற்றி நட்டால் என்ன? குளிர்ந்த களிமண்ணில் கபெர்னே சொவின்யோன் இலையுதிர்காலத்துக்குள் சரியாகப் பழுப்பதில்லை. இந்த ஜோடிப் பொருத்தம் அறுவடையை உத்தேசித்துப் பார்த்தது. ஏப்ரலை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, மண்ணைவிட மேடு பள்ளம் வலியது. குளிர்காற்று கனமானது, தாழ்விடம் தேடி வந்து தேங்கும். 2017-இல் ஜிரோந்த் கழிமுகத்தை ஒட்டிய மெடோக்கின் சரளை மேடுகள் நீரின் வெதுவெதுப்பால் பெரிதும் தப்பின. பொமெரோலின் மேட்டுக் களிமண்ணும் பெருமளவு தப்பியது. அடிவாரத்து மணற்பாங்கான நிலங்கள்தான் பலத்த அடி வாங்கின. கூழாங்கல்லைக் கையில் எடுத்துக் காட்டிப் பெருமைப்படும் மெடோக்காரர்கள் பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கும் கொஞ்சம் நன்றி சொல்லலாம்.

மழை மிகுந்த வசந்தத்தில் போட்டியே இல்லை, சரளைதான். துளிர் 10 சென்டிமீட்டர் வளர்ந்து, 10 டிகிரி வெப்பத்தில் 10 மில்லிமீட்டர் மழையும் பெய்துவிட்டால் இலையையும் குலையையும் தாக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு வாசல் திறந்தாயிற்று. உடனே மருந்தடிக்க வேண்டும். களிமண்ணிலோ டிராக்டரின் சக்கரம் புதையும். மீறி ஓட்டினால் மண் இறுகி வேருக்கு மூச்சு முட்டும். குளிர்ந்து நனைந்த மண்ணில் தழைச்சத்து கிடைப்பதும் தாமதமாகும்.

வறண்ட வசந்தம் ஈரம் காக்கும் களிமண்ணுக்குச் சாதகம், அதுவும் பூக்கும் பருவத்தை ஒட்டித்தான். ஏனென்றால் முதல் சில இலைகள் தண்டிலும் வேரிலும் சேமித்த மாவுச்சத்தில் வளர்பவை. உறைபனி இரவிலும் களிமண்ணுக்கு ஒரு சிறு அனுகூலம் உண்டு: ஈரமான, கிளறாத, புல் இல்லாத மண் பகல் சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் வெளியிடும். வரிசைகளுக்கு இடையே புல்லை உயரமாக விட்டுவைத்தால் அந்த அனுகூலமும் போயிற்று.

கழிமுகத்தின் ஓரம் நிலம் கிடைத்தால் நான் யோசிக்காமல் சரளையை எடுப்பேன். ஆற்றிலிருந்து விலகிய இடமென்றால் மேட்டுக் களிமண். அதில் மெர்லோவைக் குறைத்து, சற்றுத் தாமதமாகத் துளிர்த்தாலும் அங்கே பழுத்துவிடக்கூடிய கபெர்னே ஃபிராங்க் என்ற இன்னொரு ரகத்தைக் கூட்டுவேன்.