மதுரையில் நான் படித்த ஆறு மாத இஎம்டி கோர்ஸ்: சேரலாமா, வேண்டாமா?

பி.எஸ்சி விலங்கியல் முடித்துவிட்டு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையோடு சேர்ந்து நடக்கும் பயிற்சி மையத்தில் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன் படித்தேன். இப்போது ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர் வேலை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு அம்மா மகளையோ மகனையோ கூட்டி வந்து நிறுத்தி, "அந்த 108 படிப்புன்னு சொல்றாங்களே, அதுல சேத்து விடலாமாம்மா?" என்று கேட்கிறார். பந்தியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

கட்டணம் ரூ. 40,000-ஐ ஒட்டி வந்தது, மூன்று தவணை. பிளஸ் டூ-வில் அறிவியல் பிரிவு எடுத்திருந்தால் போதும். காலையில் வகுப்பு, மதியம் ஸ்கில் லேப், கடைசி இரண்டு மாதம் கேஷுவாலிட்டியிலும் ஆம்புலன்ஸிலும் போஸ்டிங் என்று பிராஸ்பெக்டஸில் போட்டிருந்தது. அந்தக் கடைசி வரி பாதிதான் நடந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நல்லது. ஸ்கில் லேப்புக்காக மட்டுமே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பேன். சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுக்கும் முதலுதவி) பற்றிப் புத்தகத்தில் இருப்பது நாலு வரி: நெஞ்சை 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பொம்மை மேல் கையை வைத்த பிறகுதான் தெரிந்தது, அழுத்துவதைவிடக் கையைத் தளர்த்தி நெஞ்சை முழுசாக மேலே வர விடுவதுதான் கஷ்டம் என்று. களைப்பு ஏற ஏற, நம்மை அறியாமலே உடம்பு நோயாளி மேல் சாய்ந்துவிடும். நெஞ்சு மேலே வரவில்லையென்றால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. நிரம்பாத இதயத்தை எத்தனை தடவை அழுத்தி என்ன? அதனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறியே ஆக வேண்டும். "தெம்பு இருக்கு சார்" என்று சொல்கிற பையன்களையும் சார் தோளைத் தட்டி எழுப்பிவிடுவார். பல வருடம் ஆம்புலன்ஸில் ஓடிய ஆண் செவிலியர் அவர். தனக்குத் தெரிந்தது எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்ற தவிப்பு அவரிடம் கடைசி வகுப்பு வரை இருந்தது.

மூச்சு விட முடியாதவருக்குக் கையால் அழுத்திக் காற்று கொடுக்கும் ஆம்பு பேகும் அப்படித்தான். ஒரு கையால் மாஸ்க்கை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதே கையின் விரல்களால் தாடையைத் தூக்க வேண்டும், மறு கையால் பேகை அழுத்த வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் மாஸ்க்கை முகத்தின் மேல் கீழ்நோக்கி அமுக்குவார்கள். அப்படிச் செய்தால் தாடை பின்னால் போய், நாக்கு மூச்சு வழியை மூடிவிடும், பொம்மையின் நெஞ்சு எழும்பாது. "மாஸ்க்கை முகத்துக்குக் கொண்டு போகாதீங்க, முகத்தை மாஸ்க்குக்குக் கொண்டு வாங்க" என்பார் சார். கை அதைப் பழகிக்கொள்ளும் வரை அடுத்த பாடத்துக்குப் போகவே மாட்டார்.

ஆக்சிஜன் கணக்கையும் பலகையில் போட்டுக் காட்டினார். பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம் வரும். 15 லிட்டர் வைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட வராது. தேனி பக்கம் மலையடிவாரத்திலிருந்து ஒருவரை மதுரைக்கு ஏற்றி வர வேண்டும், மீட்டர் முள் பாதியில் நிற்கிறது, கிளம்பலாமா என்று கேட்பார். டூட்டி ஏறியதும் நான் முதலில் பார்ப்பது இன்றைக்கும் அந்த மீட்டரைத்தான்.

பிரசவப் பாடத்தை எடுத்தது லேபர் வார்டு சிஸ்டர் ஒருவர். ஆறு மாதத்தில் மிகச் சிறந்த வகுப்பு எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். எத்தனையாவது பிரசவம், வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, பனிக்குடம் உடைந்ததா, தலை தெரிகிறதா: இந்த நாலும் தெரிந்தால் வண்டி போகலாமா, ஓரம் கட்ட வேண்டுமா என்று முடிவெடுத்துவிடலாம். தலை தெரிந்துவிட்டால் ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்க்கக் கூடாது, நிறுத்திவிட வேண்டும். பிள்ளை பிறந்ததும் துடைத்து, அம்மாவின் வெறும் மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தொப்புள் கொடியில் இரண்டு கிளாம்ப் போட்டு நடுவில் வெட்ட வேண்டும். நஞ்சுப்பை தானாக வரும், கொடியைப் பிடித்து இழுக்கவே கூடாது. இவையெல்லாம் புத்தகத்திலும் இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத ஒன்றை சிஸ்டர் சொன்னார்: "மொதல்ல வண்டில ஏசிய அணைக்கச் சொல்லுங்க. ஈரப் பிள்ளைக்குக் குளிர்தான் எமன்."

வேலைக்குச் சேர்ந்த பிறகு உசிலம்பட்டி ரோட்டில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஒரு பிரசவம் பார்த்தேன். ஏசியை அணைக்கச் சொன்னபோது பைலட் அண்ணன் (எங்கள் டிரைவர்) கண்ணாடியில் ஒரு மாதிரி பார்த்தார், சித்திரை மாத வெயில் அப்படி. பிள்ளை பிறந்து உடனே அழவில்லை. உலர்ந்த துண்டால் முதுகை நன்றாகத் தேய்த்துத் துடைத்த பிறகுதான் வீறிட்டது. நனைந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டு மாற்ற வேண்டும் என்பதுகூட சிஸ்டர் செய்து காட்டியதுதான். அந்தப் பெண்ணின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை விடவில்லை.

பாடப்புத்தகம்தான் உறுத்தல். அமெரிக்காவில் அச்சான தடிப் புத்தகத்தின் நகல். பனியில் உறைந்த கை கால்களுக்கு அதில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நம் ஊர் கேஷுவாலிட்டிக்கு வாரம் தவறாமல் வருகிற பூச்சி மருந்துக்கும் அரளி விதைக்கும் உருப்படியாக ஒரு பக்கம் கிடையாது. சார் தன் நோட்டிலிருந்து எடுத்த பாடம் மட்டும் இல்லையென்றால் நாங்கள் அரைகுறையாகத்தான் வெளியே வந்திருப்போம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலின் படத்தையும் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது; ராத்திரி தரையில் படுத்திருந்தவர் விடியக்காலையில் வயிற்று வலி என்பார், கண் இமை சொருகும், அப்புறம் மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்து கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை ஆம்பு பேக்தான் அவருடைய உயிர். கயிறு கட்டாதே, கீறாதே, கை காலை அசைக்காமல் வைத்து வண்டியை எடு. பூச்சி மருந்து என்றால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்ற விடாதே, கிளவுஸ் போடு, மருந்து பட்ட துணியைக் கழற்று, வாயில் சேரும் எச்சிலை உறிஞ்சி எடுக்கும் சக்ஷனைத் தயாராக வை. இந்த நோட்டை மையமே அச்சடித்துக் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் கையால் எழுதிக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசுவதற்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். விபத்து நடந்த இடத்தில் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "காசு இல்லையே, எங்க கொண்டு போறது?" என்பதுதான். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு செலவு செய்கிறது என்று நாங்கள் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். அதைச் சொன்னதும் அவர்கள் முகம் தெளிவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

இனி குறை. போஸ்டிங்கில் கேஷுவாலிட்டி குறைவில்லாமல் கிடைத்தது. ஆம்புலன்ஸ் சரியாகக் கிடைக்கவில்லை. ஓடுகிற வண்டியில் பிபி பார்ப்பது வேறு, வகுப்பில் பார்ப்பது வேறு. சைரன் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது, நாடியை விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். மாடி வீட்டுக் குறுகலான படியில் கனத்த உடம்புக்காரரை எப்படி இறக்குவது என்பதை எந்த லேப்பிலும் கற்க முடியாது. அதிலும் பெண்களுக்கு நைட் போஸ்டிங் கிடையாது என்றார்கள், பாதுகாப்பாம். வேலைக்குப் போனால் எங்களுக்கு மட்டும் ராத்திரி வராதா? எங்கள் பேட்ச் பெண்கள் எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகுதான், அதுவும் கடைசி வாரங்களில், அனுப்பினார்கள். அந்தச் சில ராத்திரிகளில் கற்றது வகுப்பில் ஒரு மாதம் கற்றதற்குச் சமம். பணம் கட்டிய எல்லாருக்கும் அது முதலிலிருந்தே கிடைத்திருக்க வேண்டும்.

‘100 சதவீதம் வேலை’ என்ற போர்டை நம்ப வேண்டாம். எங்களில் சிலருக்கு வார்டு உதவியாளர் வேலைதான் காட்டினார்கள். முதல் சம்பளம் யாருக்கும் ரூ. 15,000-ஐத் தொடவில்லை. உயிரைப் பிடித்து வைக்கிற வேலைக்கு இது நியாயமே இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் கவனம் தேவை. எங்களுக்குக் கிடைத்தது மையத்தின் சொந்தச் சான்றிதழும், இரண்டு வருடம் செல்லுபடியாகும் பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) கார்டும். தனியார் ஆம்புலன்ஸுக்கு அது போதும். அரசு வேலை மனதில் இருந்தால் வேறு வழி பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் என்று ஓராண்டு சான்றிதழ் படிப்பு இருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி இருக்கிறது. துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கு 2021-இல் தனிச் சட்டம் வந்துவிட்டதால், நாளைக்குப் பதிவு கேட்கும்போது பல்கலைக்கழகப் படிப்புக்கு இருக்கிற மதிப்பு மையத்தின் காகிதத்துக்கு இருக்காது என்பது என் கணிப்பு.

ஏற்கெனவே நர்சிங், டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) அல்லது என்னைப் போல உயிரியல் சார்ந்த பட்டம் முடித்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் 108 ஆட்கள் எடுக்கும் முகாமுக்கு ஒருமுறை போய் வாருங்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய சேவை அது. எழுத்துத் தேர்வு, உடற்கூறு, முதலுதவி பற்றிய நேர்முகம் எல்லாம் தாண்டினால், அவர்களே 50 நாள் பயிற்சி கொடுப்பதாக அறிவிப்புகளில் போடுகிறார்கள். பகல், இரவு மாறி மாறி 12 மணி நேர ஷிஃப்ட். வீட்டில் அதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

பிளஸ் டூ-வோடு நிற்கிற தம்பி தங்கைகளுக்கு, உடனே வேலைக்குப் போக வேண்டிய வீட்டு நிலைமை என்றால், இந்த ஆறு மாதப் படிப்பு சரியான வழிதான். பணம் கட்டுவதற்கு முன்னால் ஸ்கில் லேப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பொம்மை எத்தனை, ஒரு பொம்மைக்கு எத்தனை பேர், ஆம்புலன்ஸில் எத்தனை ஷிஃப்ட், பெண்களுக்கு நைட் உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் முதல் தவணையைக் கட்டுங்கள்.