ஸ்விட்ச் கடிகாரம்: கையால் வைப்பதா, எஸ்என்டிபியா, என்டிபியா?

ஒரு நெட்வொர்க் ஸ்விட்சின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) லிங்க், அதாவது இணைப்பு, 02:14க்கு விழுந்ததாக இருக்கிறது. அதே கேபிளின் மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச் 02:21 என்கிறது. ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஏழு நிமிட இடைவெளியில் விழ வாய்ப்பே இல்லை. அப்படியானால் முதலில் எது விழுந்தது என்று எதை வைத்துத் தேடுவது?

கடிகாரங்களை ஒன்றாக வைக்க மூன்று வழி: கையால் வைப்பது, நெட்வொர்க் வழியாக நேர சர்வரிடம் நேரம் வாங்கும் என்டிபி, அதன் எளிய வடிவமான எஸ்என்டிபி. கையால் நேரம் வைப்பது ஒரே ஒரு கமாண்டில் முடியும் வேலை. ஆனால் ஸ்விட்சுக்குள் நேரத்தை எண்ணும் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால்கூட நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 52 விநாடி தள்ளிப்போகும். அதைவிட மோசம், பேட்டரி கடிகாரம் இல்லாத மாடல்கள். கரண்ட் போய் வந்தால் சில 1970 ஜனவரி 1க்கும், பழைய சிஸ்கோ ஸ்விட்சுகள் பல 1993 மார்ச் 1க்கும் திரும்பிவிடும். சோதனை மேசையைத் தாண்டி இது வேண்டாம்.

எஸ்என்டிபிக்கும் என்டிபிக்கும் பாக்கெட் ஒன்றுதான், யுடிபி போர்ட் 123ம் ஒன்றுதான். வித்தியாசம் வாங்கும் பக்கத்தில் இருக்கிறது. எஸ்என்டிபி ஒரு சர்வரிடம் கேட்டு, வந்த பதிலை அப்படியே வைத்துக்கொள்ளும். சர்வர் தப்பாகச் சொன்னால் அதுவும் தப்பாகவே ஓடும். நம்பகமான சொந்த சர்வர் மேலே இருந்தால் சின்ன ஆக்சஸ் ஸ்விட்சுக்கு (கணினிகள் நேராக இணையும் ஸ்விட்சுக்கு) இது தாராளமாகப் போதும். என்டிபி பல சர்வர்களை ஒப்பிட்டுப் பொய் சொல்வதை ஒதுக்கும்; தன் படிகம் எவ்வளவு பிசகுகிறது என்பதையும் கற்றுக்கொண்டு திருத்தும். என் தேர்வு இதுதான். ஆனால் சர்வர் இரண்டு மட்டும் கொடுக்காதீர்கள். இரண்டும் முரண்பட்டால் எது சரி என்று ஸ்விட்சுக்குத் தெரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை கிடைக்கும். நான்கு இருந்தால் ஒன்று செத்தாலும் அது நிலைக்கும்.

வைத்த பிறகு 'ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்' அடித்து 'ரீச்' பத்தியைப் பாருங்கள். கடைசி எட்டு கேள்விகளுக்குப் பதில் வந்ததா என்பதை எட்டடிமான (ஆக்டல்) எண்ணில் காட்டும் பத்தி அது. 1, 3, 7, 17, 37 என ஏறி 377இல் நின்றால் எட்டுக்கும் பதில் வந்துவிட்டது. 64 விநாடிக்கு ஒருமுறை கேட்டால் இதற்கு எட்டு நிமிடம் போல ஆகும், பொறுமையாக இருங்கள். முன்னால் நட்சத்திரக் குறி உள்ள சர்வரைத்தான் ஸ்விட்ச் இப்போது பின்பற்றுகிறது. ரீச் 0இலேயே நின்றால் முதலில் ஃபயர்வாலில் 123ஐப் பாருங்கள். ஸ்ட்ராட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண்) 16 என்றால் இன்னும் ஒத்திசையவில்லை.

சர்வர் வெளியிலா, உள்ளேயா? ஒவ்வொரு ஸ்விட்சையும் இணையத்துக்கு அனுப்பத் தேவையில்லை. உள்ளே சில சர்வர்கள் வெளியிலிருந்தோ ஜிபிஎஸ்ஸிலிருந்தோ நேரம் வாங்கட்டும், ஸ்விட்சுகள் அவற்றிடம் வாங்கட்டும். பொது பூல் (பல பொது சர்வர்கள் ஒரே பெயரில் இருக்கும் தொகுப்பு) பெயரைக் கொடுத்தால், சில மாடல்கள் அந்த நேரத்து ஐபி முகவரியாக மாற்றிச் சேமித்துவிடும். அந்த சர்வர் ஒருநாள் பூலிலிருந்து விலகிவிட்டால் நேரம் வாங்குவதும் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

மைக்ரோ விநாடிக்குள் துல்லியம் தரும் பிடிபியும் இருக்கிறது, ஐஇஇஇ 1588. அதற்கு வன்பொருளிலேயே நேரமுத்திரை இடும் ஸ்விட்சுகள் வேண்டும். மொபைல் டவர், மின் துணைநிலையம், ஒளிபரப்பு போன்ற இடங்களுக்கு அவசியம்; லாகுக்கு வேண்டியதில்லை.

அப்புறம் டைம்ஸோன். என்டிபி எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் அனுப்பும், டைம்ஸோனை நாம்தான் வைக்க வேண்டும். பல நேர மண்டலங்களில் ஸ்விட்ச் இருந்தால் எல்லாவற்றையும் யுடிசியிலேயே விட்டுவிடுங்கள்.