இன்டர்லியூக்கின்-6 எலைசா கிட்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

முடக்குவாத நோயாளிகளின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) அழற்சியைத் தூண்டும் புரதமான இன்டர்லியூக்கின்-6-இன் அளவைக் கணிப்பதற்காக ஓர் எலைசா கிட்டை, அதாவது ஆன்டிபாடிகளைக் கொண்டு ஒரு புரதத்தை அளக்கும் சோதனைப் பெட்டியை, எங்கள் ஆய்வகத்தில் ஓராண்டாகப் பயன்படுத்திவருகிறோம். தயாரிப்பாளரின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறை இவ்வகைக் கிட்டுகள் பலவற்றிலும் இருக்கக்கூடியது.

செய்முறை பழகியதுதான். பிளேட்டில் உள்ள குழியின் அடியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைப் பற்றும் நோயெதிர்ப்புப் புரதம்) இன்டர்லியூக்கினைப் பிடித்துக்கொள்ள, நொதி வந்து ஒட்டுவதற்கான பிடியாகப் பயோட்டின் இணைத்த இரண்டாவது ஆன்டிபாடி அதன் மற்றொரு பகுதியைப் பற்றிக்கொள்கிறது. அதன்மேல் வந்து சேரும் நொதி நிறத்தை உண்டாக்குகிறது. பிளேட்டின் 96 குழிகளும் எட்டெட்டாகக் கழற்றக்கூடிய பட்டைகளாக இருப்பதால், மாதிரிகள் குறைவாக உள்ள நாளில் எதுவும் வீணாவதில்லை. நொதியால் நிறம் மாறும் டிஎம்பி கரைசலை விட்ட சில நிமிடங்களிலேயே, ஸ்டாண்டர்டுகளில் (இன்டர்லியூக்கின் அளவு முன்பே தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களில்) செறிவு மிகுந்ததன் குழி நீலமாகிவிடுகிறது. அமிலம் விட்டதும் அந்த நீலம் தெளிந்த மஞ்சளாக மாறுகிறது. 450 நானோமீட்டரில் படித்தால் ஸ்டாண்டர்டு வளைவு ஒவ்வொரு முறையும் ஒழுங்காகவே அமைகிறது. ஒரே மாதிரியை இரண்டு குழிகளில் இட்டுப் பார்த்தால் மதிப்புகளும் நெருங்கியே வருகின்றன. இந்த அளவில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

குறைந்த அளவுகளில் நிலைமை வேறு. நலமாக உள்ளவர்களின் சீரத்தில் இன்டர்லியூக்கின்-6 ஒரு மில்லிலிட்டருக்குச் சில பைக்கோகிராம்தான் இருக்கும். அந்தப் பகுதியில் இந்தக் கிட்டின் செறிவு மிகக் குறைந்த கடைசி ஸ்டாண்டர்டுக்கும் இன்டர்லியூக்கின் இடாத வெற்றுக் குழிக்கும் வேறுபாடு மிகச் சிறியது. கையேடு தரும் கண்டறியும் வரம்பை நம்பி, நலமானவர்களின் குழுவை நோயாளிகளோடு ஒப்பிடுவது சரியாகாது என்பது என் கருத்து.

என்னை உண்மையில் வருத்தியது இன்னொன்று. ஒரு நோயாளியின் மாதிரியில் இன்டர்லியூக்கின்-6 மிக உயர்ந்திருப்பதாகக் கிட் காட்டியது; ஆனால் அதே மாதிரியில், அழற்சியின்போது உயரும் சி-ரியாக்டிவ் புரதம் இயல்பாக இருந்தது. அந்தப் புரதத்தை உண்டாக்கும்படி கல்லீரலைத் தூண்டுவதே இன்டர்லியூக்கின்-6 என்னும்போது, இவ்விரண்டும் பொருந்தவில்லை. இன்டர்லியூக்கின்-6 செல்களில் சென்று இணையும் ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இப்படி நேரலாம். ஏற்பி அடைபடுவதால் இன்டர்லியூக்கின் இரத்தத்தில் தேங்கும், சி-ரியாக்டிவ் புரதமோ இறங்கிவிடும். அந்த நோயாளி அத்தகைய மருந்து எதையும் எடுக்கவில்லை. மாதிரியை இரண்டு மடங்கும் நான்கு மடங்கும் நீர்த்துப் பார்த்தோம். மதிப்பு அதற்கேற்பப் பாதியாகவும் காலாகவும் குறையவில்லை. பின்னர் எலியின் சாதாரண ஐஜிஜி என்னும் ஆன்டிபாடியை மாதிரியோடு கலந்து ஊறவைத்து மறுபடி அளந்தபோது, முன்பு வந்த மதிப்பில் பெரும்பகுதி மறைந்துபோயிற்று.

காரணம் ருமட்டாய்டு காரணி. முடக்குவாத நோயாளிகள் பெரும்பாலோரின் சீரத்தில் இருக்கும் இந்த ஆன்டிபாடி, பிற ஆன்டிபாடிகளின் வால் பகுதியையே பற்றும் இயல்புடையது. அது கிட்டின் இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் நடுவே பாலம் போல் நின்றுவிட்டால், இன்டர்லியூக்கின் ஒரு துளியும் இல்லாத குழியும் மஞ்சளாகும். நாங்கள் கலந்த ஐஜிஜியை அது பற்றிக்கொண்டதால்தான் மதிப்பு இறங்கியது. இது புதிதாகக் கண்டறியப்பட்ட சிக்கல் அல்ல. நோயெதிர்ப்பு ஆய்வில் இருப்பவர்கள் நீண்ட காலமாக அறிந்தது. அப்படியிருந்தும், முடக்குவாத ஆய்வுக்கு ஏற்றது என்று விற்கப்படும் கிட்டின் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் உள்ள மீட்பு விகிதங்கள் (சீரத்தில் சேர்த்த இன்டர்லியூக்கினில் எவ்வளவு திரும்ப அளக்கப்படுகிறது என்னும் எண்கள்) எல்லாம் நலமானவர்களின் சீரத்தில் எடுக்கப்பட்டவை. எந்த நோய்க்காக வாங்குகிறோமோ அந்த நோயாளிகளின் சீரத்தில் சோதித்துக் காட்டாத எண்கள் எங்களுக்கு எவ்வகையில் உதவும்? ஒரு மாதிரி பொருந்தாமல் போனதால்தான் இதைக் கண்டோம். அதற்கு முன் அளந்தவற்றில் எத்தனை இப்படிப் பொய்யாக உயர்ந்தன என்பதை அறிய, உறைநிலையில் இருந்த மாதிரிகள் அனைத்தையும் மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று.

தயாரிப்பாளருக்கு எழுதியபோது மரியாதையான பதில் வந்தது; இத்தகைய குறுக்கீட்டைத் தடுக்கும் தடுப்புக் கரைசல் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அது கிட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். செல் வளர்ப்பு ஊடகத்தில் அளப்பவர்கள் இந்தக் கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். சீரத்தில் அளப்பவர்கள், குறிப்பாகத் தன்னெதிர்ப்பு நோய்களில் பணியாற்றுபவர்கள், முதல் பிளேட்டிலேயே ருமட்டாய்டு காரணி மிகுந்த சில மாதிரிகளைத் தடுப்புக் கரைசலோடும் அது இல்லாமலும் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த பெட்டியை வரவழைக்க வேண்டும்.